குடிநீரின் திறப்பு யார் மடியில்?

2024-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் தரவல்லது என்பது அதன் கணக்கு. திறப்பு விழாக்களில் என்ன பேசப்படும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அதை நாம் இங்கே மீண்டும் எழுதவேண்டியதில்லை. எந்தத் திறப்பு விழாவிலும் கேட்கப்படாத ஒரு கேள்வியையே நாம் இன்று கேட்க விரும்புகின்றோம். தாளையடி நிலையத்தையும், இந்நாட்டில் இனி எழப்போகின்ற நீர் நிலையங்களையும் ஆட்டிவைக்கின்ற சிறிய பெட்டிக்கு எசமான் யார்?

எந்தப் பெட்டி என்று கேட்பீர்கள். நீர் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில், இரும்பு அலுமாரிக்குள், சட்டப் புத்தகமொன்றின் பருமனுக்கு அதிகம் மேற்படாத கருவியொன்று பொருத்தப்பட்டிருக்கும். பொறியியலாளர்கள் இதனைப் பீ. எல். சீ. என்பர். தொட்டியில் நீர் எவ்வளவு, குழாயில் அழுத்தம் எவ்வளவு, நீரிலே குளோரின் எவ்வளவு, கலங்கல் எவ்வளவு என்று உணரிகள் சொல்லச் சொல்ல, தன்னுள் எழுதப்பட்ட நிரலின்படி பம்பியை ஓட்டுவதும் நிறுத்துவதும், வால்வைத் திறப்பதும் மூடுவதும், மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இக்கருவியே. 1968, 1969-ம் ஆண்டுகளில் அமெரிக்க மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளின் தேவைக்காகப் பிறந்தது இது. மொடிக்கன் 084 என்பது மூத்த பிள்ளையின் பெயர். அதற்கு முன்னர் றிலே ஆளிகளை அலுமாரி அலுமாரியாகக் கம்பியாற் பிணைத்துச் செய்த வேலையை, இனி நிரலை மாற்றி எழுதுவதாலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் பெருமை. அந்தப் பெருமைக்குள்ளேயே ஆபத்தும் படுத்திருக்கின்றது. கம்பியை மாற்றுவதற்கு ஆள் நேரில் வரவேண்டும். நிரலை மாற்றுவதற்கு, இணைப்பு மட்டும் இருந்தால், கடலுக்கு அப்பாலிருந்தும் முடியும்.

இது பொறியியலாளரின் விவகாரம், கமக்காரனுக்கும் சட்டத்தரணிக்கும் இதில் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாய்வழி கொண்டுவருவோம் என்ற திட்டம் கிளிநொச்சிக் கமக்காரரின் எதிர்ப்பைச் சந்தித்த பின்னரே கடலை நாடினார்கள் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும். நெல்லுக்குப் பாய்ந்த நீரைக் காத்தவன் கமக்காரன். அவன் காத்ததன் விலையாகக் கட்டப்பட்டதே கடற்கரை நிலையம். அது நின்றுபோகுமானால் கண்கள் மீண்டும் எந்தக் குளத்தின் பக்கம் திரும்பும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? குடாநாட்டின் கிணறுகளோ, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடாகப் பசளையின் நைத்திரேற்றும் மலகூடக் கழிவும் இறங்கி, நாளுக்கு நாள் நலிந்து வருகின்றன. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை எல்லோரும் அறிந்ததே. அவ்வழக்கில் 2019-ம் ஆண்டு உயர் நீதிமன்றம் தனியார் மின் நிலையமொன்றை இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு பணித்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் அந்தக் கிணறுகளில் எண்ணெய் கலந்துகொண்டிருந்தபோது அதைச் சொல்ல எந்தக் கருவியும் இருக்கவில்லை. மூக்கும் நாக்கும்தான் இருந்தன.

ஆகவே, பழையதே போதும் என்பாரோடு நாம் சேரமாட்டோம். அவர்களுக்கு நாம் காட்டுவது கனடாவிலுள்ள வோக்கர்ற்றன் என்னும் சிற்றூரை. ஒன்ராறியோ மாகாணத்தில், கமத்தொழில் செய்வோர் நிறைந்த பகுதியில், ஏறக்குறைய ஐயாயிரம் பேர் வாழும் ஊர் அது. 2000-ம் ஆண்டு மே மாதத்தில் அங்கே பெருமழை பெய்தது. அருகிலிருந்த பண்ணையின் சாணம் மழைநீரோடு நிலத்துள் இறங்கி, ஊரின் ஐந்தாம் இலக்கக் கிணற்றைச் சேர்ந்தது. ஏழு பேர் இறந்தனர்; 2,300 பேருக்கு மேல் நோயுற்றனர். அந்தப் பண்ணைக்காரர் மீது குற்றமில்லை, அவர் நல்ல முறையிலேயே எருவிட்டார் என்று விசாரணை நடத்திய நீதியரசர் ஓகொனர் 2002-ல் தீர்த்துரைத்தார். கமக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் கெட்டால் முதலிற் சுட்டப்படுவது அவர்களேயாவர். அப்படியாயின் குற்றம் எங்கே? நீரில் எஞ்சிய குளோரினை நாள்தோறும் அளந்து எழுதவேண்டியவர்கள் அளக்காமலே எழுதினார்கள். பல்லாண்டுகளாகப் பதிவேட்டில் ஒரே எண்கள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. குளோரினையும் கலங்கலையும் இடைவிடாது அளந்து, குறைந்தவுடன் மணியடித்துப் பம்பியைத் தானே நிறுத்தும் கருவிகள் அந்தக் கிணற்றில் இருந்திருப்பின் அந்த அழிவு தடுக்கப்பட்டிருக்கும் என்பது விசாரணையின் முடிவு. கருவி இருந்தால் மனிதன் சோம்பேறியாவான் என்று பேசுகின்ற பெரியவர்கள், கருவி இல்லாத ஊரில் மனிதன் என்ன செய்தான் என்பதையும் சற்று எண்ணிப்பார்க்கட்டும்.

இனி மற்றக் கட்சியாரைப் பார்ப்போம். இவர்களே இன்று அதிகாரத்தில் பலம் பெற்றவர்கள். புதிய கருவி வந்தால் யாவும் தீரும், கேள்விப்பத்திரத்தில் கையெழுத்திடு, மிச்சத்தை ஒப்பந்தகாரர் பார்த்துக்கொள்வார் என்பது இவர்களுடைய வேதம். இவர்களுக்கு ஒன்றல்ல, மூன்று ஊர்களைக் காட்டலாம்.

முதலாவது, அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலுள்ள மறூச்சி. அங்கே 142 கழிவுநீர்ப் பம்பி நிலையங்கள் வானொலி அலையால் கட்டுப்படுத்தப்பட்டன. அக்கருவிகளைப் பொருத்திய கம்பனியில் வேலைபார்த்து விலகிய ஒருவர், உள்ளூராட்சி மன்றத்தில் வேலை கேட்டார்; கிடைக்கவில்லை. 2000-ம் ஆண்டின் தொடக்கத்தில், காருக்குள் ஒரு கணினியையும் வானொலிக் கருவியையும் வைத்துக்கொண்டு பம்பிகளைத் தம் விருப்பப்படி ஆட்டிவைத்தார். எட்டு இலட்சம் லீற்றர் மலநீர் பூங்காக்களிலும் ஆற்றிலும் பாய்ந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட தடவை நடந்த பின்னரே பிடிபட்டார்; 2001-ல் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கருவியைப் பொருத்தியவருக்குத் தெரிந்தது, கருவிக்குச் சொந்தமான மன்றத்துக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலுள்ள அலிக்குவிப்பா. 2023 நவம்பர் மாதம் அவ்வூர் நீர்ச் சபையின் அழுத்தமேற்றும் நிலையமொன்றில், இஸ்ரேலியக் கம்பனி செய்த யூனிற்றொனிக்ஸ் கருவியின் திரையில், ஈரானோடு தொடர்புடைய கூட்டத்தார் தம் பகைமை வாசகத்தை எழுதிவிட்டுப் போனார்கள். எப்படி நுழைந்தார்கள்? கருவி நேரே இணையத்தோடு கட்டப்பட்டிருந்தது. இத்தகைய கருவிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது கொண்டுவந்த கடவுச்சொல், நான்கு ஒன்றுகள்: 1111. அதை மாற்றுங்கள் என்பதே அமெரிக்க அரசு விடுத்த எச்சரிக்கையின் முதல் வரிகளில் ஒன்று. அலிக்குவிப்பாவின் ஊழியர்கள் கருவியை நிறுத்திவிட்டுக் கையால் இயக்கினார்கள். குடிநீருக்குத் தீங்கு நேரவில்லை. கையால் இயக்கத் தெரிந்த ஊழியர்கள் இருந்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஏறத்தாழ அதே நாட்களில் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், கிராமத்தார் தாமே நடத்திய சிறு நீர்த்திட்டமொன்றில் அதே கம்பனியின் கருவி தாக்கப்பட்டு, ஏறத்தாழ 180 வீட்டார் இரண்டு நாள் நீரின்றி இருந்தனர். அவர்களுக்கும் இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் என்ன வழக்கு? ஒரு வழக்கும் இல்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயரே அவர்கள் செய்த பாவம்.

மூன்றாவது, புளோறிடாவின் ஓல்ட்ஸ்மார். 2021 பெப்ரவரி 5-ந் திகதி, நீரிற் கலக்கும் காரத்தின் அளவு பத்து இலட்சத்தில் 100 பங்கு என்பதிலிருந்து 11,100 என்று திரையில் உயர்த்தப்பட்டது. கடமையிலிருந்த ஊழியர் கண்டு உடனே திருத்தினார். அந்நியன் செய்த சதி என்று உலகமெங்கும் செய்தி பரந்தது. இரண்டு ஆண்டுகளின் பின்னர், அது வெளியாரின் வேலையே அல்ல, உள்ளேயிருந்தவரின் கைத்தவறாயிருக்கலாம் என்று அந்நகரத்தின் முன்னாள் நிருவாகியே சொன்னார். எது உண்மை என்பது நமக்கு முக்கியமில்லை. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கடவுச்சொல் இருந்த இடத்தில், விரல் யாருடையது என்று நிரூபிக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. சாட்சியம் இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை, பொறுப்பும் இல்லை. சட்டம் படித்தோர் இதை எளிதில் விளங்கிக்கொள்வர்.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது அமெரிக்காவில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 2023 மார்ச்சில் அந்நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம், நீர் நிலையங்களைப் பரிசோதிக்கும்போது கட்டுப்பாட்டுக் கருவிகளின் பாதுகாப்பையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டுமென்று மாநிலங்களுக்குப் பணித்தது. மிசூரி, ஆக்கன்சா, அயோவா ஆகிய மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. நீர் வழங்குவோரின் சங்கங்களும் உடன் நின்றன. செலவு அதிகம், நடைமுறை பிழை, அதிகாரம் இல்லை என்று வாதாடப்பட்டது. யூலையில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒக்டோபரில் முகவரகம் தன் பணிப்பை மீளப்பெற்றது. ஆறு வாரம் கழித்து அலிக்குவிப்பாவின் திரையில் எழுத்துத் தோன்றியது! நடைமுறை பிழை என்ற வாதம் சட்டத்தில் நல்ல வாதமே. நாமும் நீதிமன்றங்களில் அதைப் பலமுறை எடுத்துரைத்திருக்கின்றோம். ஆனால் கடவுச்சொல்லை மாற்றுவதற்கு நீதிமன்றத்தின் அனுமதி எந்தச் சபைக்கும் வேண்டியதில்லை.

ஆக, நம் கட்சி எது? புதிய கருவி வேண்டும் என்பதே. ஆனால் தோட்டக்காரன் இறைப்பு மெசின் வாங்குவதுபோல வாங்கவேண்டும். புன்னாலைக்கட்டுவனிலோ கோப்பாயிலோ ஒரு தோட்டக்காரனைக் கேட்டுப் பாருங்கள். மெசினின் நிறத்தையும் விளம்பரத்தையும் பார்த்து அவன் காசை எண்ணமாட்டான். உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், திருத்துகின்றவன் யார், இன்னும் எத்தனை வருடம் இந்த ரகம் கடையில் இருக்கும் என்பவையே அவன் முதலிற் கேட்கும் கேள்விகள். மிளகாய்க் கன்று வாடும் நேரத்தில் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை அவனால் காத்திருக்க முடியாது. இந்தப் புத்தி கோடிக்கணக்கில் வாங்குகின்ற திணைக்களங்களுக்கு ஏன் வருவதில்லை?

ஏனெனில் இக்கருவிகளுக்கும் ஆயுள் உண்டு. குழாயும் தொட்டியும் ஐம்பது ஆண்டு நிற்கும், பெட்டி நில்லாது. உலகத்தின் பெருந்தொகையான தொழிற்சாலைகளில் ஓடிய அலன்-பிராட்லி பீ. எல். சீ.-5 என்னும் ரகம் 1980-களில் வந்தது. 2017-ல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஜேர்மனியின் சீமென்ஸ் கம்பனி 1990-களில் வெளியிட்ட எஸ்-7-300 ரகம் 2023-ல் வழமையான விற்பனையிலிருந்து நீங்கியது; இனி 2033 வரை உதிரியாக மட்டுமே கிடைக்கும். உற்பத்தி நின்ற ரகத்தை வைத்திருப்போர் பழம் பொருள் விற்பவரிடம் பாகம் தேடியலைகின்றனர். திரைக்குப் பின்னாலுள்ள கணினியின் ஆயுளோ இன்னும் குறுகியது; ஓல்ட்ஸ்மாரில் இருந்தவை, ஆக்கிய கம்பனியே 2020 சனவரியில் கைவிட்டுவிட்ட வின்டோஸ் 7-ல் ஓடின. ஆகவே வாங்கும் நாளிலேயே, எந்த ஆண்டில் இதை மாற்றப்போகின்றோம், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதும் எழுதப்பட வேண்டும். வெளிநாட்டுக் கடனில் நிலையம் கட்டலாம். பதினைந்து ஆண்டு கழித்துப் பெட்டி மாற்ற யாரும் விழா எடுத்துக் கடன் தரமாட்டார்கள்.

இதைவிடப் பெரிய விடயம் நிரல். பெட்டியை வாங்கிவிட்டால் அதனுள் எழுதப்பட்ட நிரலும் நமக்குச் சொந்தம் என்று பலர் நம்புகின்றனர். இலங்கைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2003-ம் ஆண்டின் 36-ம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலை ஓர் எழுத்தாக்கமாகவே கொள்கின்றது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிடின், ஒப்பந்தகாரரின் ஊழியர் எழுதிய நிரலின் உரிமை ஒப்பந்தகாரருக்கே. வீட்டைக் கட்டித் தந்துவிட்டுத் திறப்பை மடியிற் செருகிக்கொண்டு போகும் மேசனைப் பார்த்து நாம் சும்மா இருப்போமா? ஆனால் நீர் நிலையங்களில் இது நடக்கக்கூடியதே. மூல நிரல் கொடுபடாவிட்டால், அல்லது கடவுச்சொல்லிட்டுப் பூட்டப்பட்டிருந்தால், ஒரு வால்வின் நேரத்தை மாற்றுவதற்கும் அதே கம்பனியை அழைக்கவேண்டும். அவர்கள் கேட்டதே விலை. அந்தக் கம்பனி கலைந்துபோனால், அல்லது வேறு கைக்கு மாறினால், பொதுமக்களின் பணத்தில் எழுந்த நிலையத்தின் மூளை யாருக்கும் விளங்காத பேழையாகிவிடும்.

எனவே கேள்விப்பத்திரத்திலேயே, விலை பேசுமுன், எழுதிக் கேட்கவேண்டும். விளக்கக் குறிப்புகளோடு கூடிய மூல நிரல், அதைத் திருத்தும் மென்பொருளின் அனுமதிப்பத்திரம், எல்லாக் கடவுச்சொற்களும் ஒப்படைப்பு நாளில் சபையின் கைக்கு வந்தாலன்றி இறுதிக் கொடுப்பனவு இல்லை என்ற வாசகம் வேண்டும். ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்று கருவி தானே பதிய வேண்டும். வெளியிலிருந்து நுழையும் வழி இருக்குமாயின், அது சபையின் ஊழியர் உள்ளிருந்து திறந்தாலன்றித் திறவாதிருக்க வேண்டும். ஒப்பந்தகாரரின் ஆள் விலகிய அன்றே அவருடைய அனுமதியும் விலகவேண்டும். மறூச்சி நமக்குக் கற்பித்தது அது.

கையால் இயக்கும் வழியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனெனில் இதில் மிகைப்படப் பேசுவோர் உண்டு. கிணற்று நீரையோ ஆற்று நீரையோ வடிகட்டிக் குளோரினிடும் நிலையத்தைத் தேர்ந்த ஊழியர் சில நாள் கையாலேயே நடத்தலாம். கடல்நீர் நிலையம் அப்படியல்ல. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஐம்பது, அறுபது மடங்கு அழுத்தத்தில் நீரை மென்சவ்வுகளுக்கூடாகத் தள்ளுகின்றார்கள். வால்வு ஒன்று வரிசை தவறித் திறந்தால் பெறுமதியான சவ்வுகள் பாழாகும். அங்கே கையால் செய்யக்கூடியது, பத்திரமாக நிறுத்துவதே. ஆகவே நிரலைச் சாராத, கம்பியாற் பிணைத்த நிறுத்தாளி ஒன்றும், மருந்துப் பம்பி எவ்வளவு முயன்றாலும் ஓர் அளவுக்கு மேல் ஊற்ற முடியாதபடி பம்பியின் பருமனிலேயே வைத்த எல்லையும் அங்கே அவசியம். திரையில் யார் 11,100 என்று எழுதினாலும் பம்பியால் அவ்வளவு ஊற்ற முடியாதென்றால் எழுதியவன் ஏமாந்து போவான். இதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டாம்.

திரை எந்த மொழியில் பேசும்? அரசியலமைப்பின் 22-ம் உறுப்புரை, 1988-ம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்துக்குப் பின், வடக்குக் கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழியும் பொதுப்பதிவேடுகளின் மொழியும் தமிழே என்கின்றது. அன்று பதிவேடு தாளில் இருந்தது. இன்று அது கருவிக்குள் இருக்கின்றது. குளோரின் குறைந்தது, இன்ன நேரம், இன்னார் கடமையில் இருந்தார் என்று கருவி பதிவது பொதுப்பதிவேடு அல்லாமல் வேறென்ன? இரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை மணி ஒலிக்கும்போது, காவலிருக்கும் ஊழியர் அகராதியைப் புரட்டவேண்டுமோ? எந்த மொழியையும் திரையில் காட்டும் வசதி இன்றைய கருவிகளுக்கு உண்டு. கேட்டவனுக்குக் கிடைக்கும். கேளாதவனுக்கு ஆங்கிலம் கிடைக்கும்.

இவ்வளவும் கேட்டால் விலை கூடும், கடன் கொடுப்போர் முகம் சுளிப்பர் என்று ஒரு குரல் எழுவதை நாம் அறிவோம். விலை சிறிது கூடும்தான். ஆனால் கடனைக் கட்டப்போவது யார்? வெங்காயமும் புகையிலையும் விற்று வரி செலுத்துகின்றவனும், மாதச் சம்பளத்தில் நீர்க்கட்டணம் செலுத்துகின்றவனுமே. கடன் பெற்று வாங்கிய மாட்டின் மூக்கணாங்கயிறு விற்றவன் கையிலேயே இருக்கட்டும் என்று எந்தக் கமக்காரனும் ஒப்பமாட்டான். இன்னொரு குரல், இயந்திரம் வந்தால் ஊழியருக்கு வேலை போகும் என்கின்றது. போகக்கூடாது, அதுவும் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். நிரல் படிக்கக் கற்ற தொழில்நுட்பவியலாளர் ஒவ்வொரு நிலையத்திலும் இருவராவது வேண்டும் என்று கேட்போமாயின், நம் தொழில்நுட்பக் கல்லூரிகளில் படித்துவிட்டு வெளிநாட்டு முகவர் வாசலில் நிற்கும் இளைஞருக்கு ஊரிலேயே வேலையிருக்கும்.

கேட்பதற்கு வழியும் உண்டு. 2016-ம் ஆண்டின் 12-ம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் ஊருக்கு நீர் தரும் நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கருவி எந்த ரகம், எந்த ஆண்டு வாங்கப்பட்டது, அதன் மூல நிரல் சபையிடம் உண்டா, எச்சரிக்கைப் பதிவுகள் எம்மொழியில் உள்ளன, அவற்றை யார் வாசிக்கின்றார் என்று கேளுங்கள். கடவுச்சொல் என்னவென்று கேட்கவேண்டாம்; அதை யார் வைத்திருக்கின்றார் என்று மட்டும் கேளுங்கள். வர்த்தக இரகசியம் என்று மறுத்தால், பெரும் பொதுநலன் வேண்டுமிடத்து அந்தப் பாதுகாப்பு விலகும் என்று அதே சட்டத்தின் 5-ம் பிரிவே சொல்கின்றது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தரப்படவேண்டும். மறுப்பு வந்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அங்கும் பயனில்லையாயின் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். கமக்காரர் அமைப்புகள் விண்ணப்பத்தைத் தம் பெயரிலேயே அனுப்பலாம்; எழுதிக்கொடுக்க நம் சட்டத்தரணி நண்பர்கள் கட்டணமின்றி முன்வருவர் என்று எதிர்பார்க்கின்றோம். கிடைக்கும் பதில்களின் பிரதிகளை நமக்கும் அனுப்பிவையுங்கள். பதில் வராத விண்ணப்பங்களின் திகதிகளையும் சேர்த்தே அனுப்புங்கள்.